நிமிர்த்திய கை

பத்தரைக்கு மந்திரி வந்துவிடுவார் என்றார்கள். மணி பத்தே முக்கால், வண்டி இன்னும் பைபாஸையே தொடவில்லையாம். வரட்டும், மெதுவாகவே வரட்டும், வழியில் நாலு இடத்தில் நிறுத்தி மாலை போடட்டும், டயர் பஞ்சராகட்டும், யாரோ சாகக் கிடக்கிறார்கள் என்று போன் வந்து திரும்பிப் போகட்டும், எப்படியாவது இந்தத் திறப்புவிழா இன்றைக்கு நடக்காமல் போகட்டும் என்று மூன்றாவது வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருந்தார் கனகசபை. யாரை வேண்டிக்கொள்கிறார்? எதிரே பீடத்தின்மேல் மஞ்சள் பட்டுத்துணி போர்த்தி நிற்கிறாளே, அவளையா? நல்ல கூத்துதான் போங்கள். அவளைப் பதின்மூன்று துண்டாக உரச்சாக்கில் வாங்கி, நாலு வருஷம் களிம்பு சுரண்டி, ஒட்டுப் போட்டு, மெழுகு தேய்த்து, இரண்டே முக்கால் அடிக்கு நிற்க வைத்ததே இவர்தான். இந்த மியூசியத்தின் ரசாயனக் கூடத்துக்குப் பதினெட்டு வருஷமாக இவர்தான் தலை. உடைந்த சாமி, துருவேறிய வாள், பூச்சி அரித்த மரக்குதிரை, எது வந்தாலும் இவர் கைக்குத்தான் வரும், இவர் சொன்னால் சொன்னதுதான். மாசக் கடைசியில் ஓய்வு. அதற்குள் இவளை நிறுத்திவிட வேண்டும், காலத்துக்கும் உங்கள் பேரைச் சொல்லி நிற்பாள் என்று எல்லோரும் முடுக்கினார்கள், இவரும் முடுக்கிக்கொண்டார். கஞ்சி போட்ட காலர் கழுத்தை அறுத்தது. புதுப் பெயின்ட் வாடை மூக்கில் ஏறியது. காலையில் மாத்திரை போட்டோமா என்று யோசித்தார், போட்ட ஞாபகமும் இருந்தது, போடாத ஞாபகமும் இருந்தது. மைக்செட்காரர் ‘அலோ, ஒண்ணு ரெண்டு மூணு’ என்று எண்ணிக்கொண்டிருந்தார். மூன்றுக்கு மேல் அவர் போகவே இல்லை.

துணிக்குள் இடது கை எங்கே இருக்கும் என்று இவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். அந்த இடத்தில் பட்டு நேராக விழுந்திருந்தது. நேராக விழக்கூடாது, அங்கேதான் வினை. அந்தக் கை இவரிடம் வந்தபோது முழங்கையில் மடங்கியிருந்தது. முன்கை வயிற்றுப் பக்கம் திரும்பி, உள்ளங்கை மேல்நோக்கிக் குழிந்து கிடந்தது. பார்த்த மாத்திரத்தில் இவர் சொல்லிவிட்டார், பொக்லைன் செய்த வேலை என்று. ஆலங்காட்டுச்சேரிக் குளத்தில் நூறு நாள் வேலைப் பெண்கள் தூர் எடுக்கும்போது சிலை தட்டுப்பட்டது, அவர்கள் கையால் எடுத்திருந்தால் முழுசாக வந்திருக்கும். காண்டிராக்டர் பொக்லைனை இறக்கிச் சேற்றோடு வாரிச் சுக்கல் சுக்கலாக்கிவிட்டான். உடைத்தவன் கையை வளைக்காமலா விட்டிருப்பான்? பக்கத்தில் சிவன் கோயில் இருக்கிறது, பெண் சிலை, ஆகவே அம்மன். அம்மன் என்றால் வலது கையில் பூ, இடது கை தளர்ந்து தொங்க வேண்டும். இருநூறு அம்மனைப் பார்த்தவருக்கு இதுகூடவா தெரியாது? நிமிர்த்தினார். இரும்புச் சட்டத்தில் பஞ்சு சுற்றிக் கையைக் கட்டி, சூடு காட்டிக் காட்டி, ஒரு நாளைக்குக் கால் திருகு. அதற்குமேல் ஒரு நூல் கிடையாது. நாற்பத்தோரு நாள். விரதம் இருந்த மாதிரி இருந்தேன் சார் என்று ஒரு கருத்தரங்கில் படம் போட்டுக் காட்டினார், கைதட்டினார்கள், வடக்கேயிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவர் மேடைக்கே ஏறி வந்து கையைக் குலுக்கினார். இதோ இந்தக் கையைத்தான். கனகசபை மடியில் கிடந்த தன் வலது கையைப் பார்த்தார். கட்டைவிரல் நகக்கண்ணில் களிம்புப் பச்சை, எத்தனை சோப்புப் போட்டாலும் போவதில்லை. உள்ளங்கைக் குழிவை மட்டும் நிமிர்த்த முடியவில்லை, விரல் ஒடிந்துவிடும் என்று விட்டுவிட்டார். அதனால் இப்போது அவள் கை தொங்கியும் தொங்காமல், எதிரே நிற்பவரிடம் எதையோ கொடு கொடு என்று கேட்கிற மாதிரி இருக்கும். பார்க்கிறவர்கள் அருள்பாலிக்கிறாள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், இவருக்கென்ன.

“சார், என்ன இங்க வந்து ஒளிஞ்சுக்கிட்டீங்க? முன்னாடி வாங்க சார்.” காப்பாட்சியர் இளங்கீரன்தான், இந்த மியூசியத்துக்கே பொறுப்பு. நாற்பது வயசு ஆகவில்லை, பட்டு வேட்டி, கையில் நிகழ்ச்சி நிரல், நெற்றியில் வேர்வை. “இல்லப்பா, இங்கயே காத்து வருது,” என்றார் கனகசபை. “மினிஸ்டர் உங்களத்தான் சார் கேப்பார், யாரு ஒட்டினதுன்னு. பதிமூணு துண்டு! சாதாரண விஷயமா?” “பன்னெண்டு.” வாயிலிருந்து அதுவாக வந்து விழுந்துவிட்டது. இளங்கீரன் நின்று திரும்பினார். “என்ன சார் பன்னெண்டு?” “ஒட்டினது பன்னெண்டு. ஒண்ணு சேரல.” “ஓ, அந்தச் சின்னதா? அது வேற எதோ ஒண்ணுன்னு நீங்கதான சார் ஃபைல்ல எழுதினீங்க. இன்னைக்குப் போய் அத நெனச்சுக்கிட்டு! போர்டு பாத்தீங்களா, சூப்பரா வந்திருக்கு.” சொல்லிக்கொண்டே வாசலுக்கு ஓடினார். போர்டைப் பார்க்காமல் என்ன, காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தார். ‘சிவகாமசுந்தரி. செப்புத் திருமேனி. முழுமையாகச் சீரமைக்கப்பட்டது.’ அந்த ‘முழுமையாக’ என்கிற வார்த்தையை எவன் போட்டான் என்று யோசித்தார். இவரே எழுதிக் கொடுத்ததுதான், போன மாசம், வியாழக்கிழமைக்கு முன்னால். விஷயம் தெரிந்த அன்றைக்கே இளங்கீரன் கையைப் பிடித்து நிறுத்திச் சொல்லியிருக்கலாம். இப்போதுகூட எழுந்து வாசலுக்குப் போய்ச் சொல்லலாம், இருபது அடி தூரம்தான். எழுந்திருக்கவில்லை. முழங்கால் வலிக்கிறது என்று தனக்குத் தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டார், முழங்கால் வலிக்கவும் இல்லை.

வியாழக்கிழமை என்ன நடந்தது என்றால், ஒன்றும் நடக்கவில்லை, விழா மலர் ஒன்று போடுகிறார்கள், அதற்கு எக்ஸ்ரே படம் கேட்டார்கள், எடுத்தார். முதலிலேயே எடுத்திருக்க வேண்டியது. அந்த வருஷம் மெஷின் ரிப்பேர், ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய் எடுக்கலாம் என்று சொன்னபோது, எனக்குக் கண்ணே எக்ஸ்ரேதான் என்றார் இந்தப் பெரிய மனிதர். படத்தை வெளிச்சப் பெட்டியில் வைத்துச் சாவகாசமாக டீயை உறிஞ்சிக்கொண்டே பார்த்தார். முழங்கையின் வெளிப்புறம் சுத்தமாக இருந்தது. ஒரு விரிசல் இல்லை. உள்மடிப்பில் தலைமுடி கனத்துக்கு ஆறு விரிசல். டீ டம்ளரைக் கீழே வைத்தார். பொக்லைன் வளைத்திருந்தால் வெளிப்புறம் அல்லவா இழுபட்டுக் கிழிந்திருக்கும்? உள்மடிப்பு கிழிந்திருக்கிறது என்றால், மடங்கியே பிறந்த கையை எவனோ இழுத்து நிமிர்த்தியிருக்கிறான். எவனோ என்ன எவனோ. ஆறு விரிசல், நாற்பத்தோரு நாள், ஒவ்வொரு நாளும் திருகைத் திருப்பும்போது லேசாக ஒரு சத்தம் வரும், நெட்டி முறிக்கிற மாதிரி. களிம்பு உதிர்கிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார். அப்புறம் எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். பதினான்காம் நம்பர் கவர். நம்பர் எப்படிப் பதினாலு ஆயிற்று, துண்டு பதின்மூன்றுதானே? ஆமாம், பீடத்தின் ஆணிக்கு ஒரு நம்பர் போட்டிருந்தது. இப்படி எதையாவது யோசித்துக்கொண்டே கவரைப் பிரித்தார், பிரிக்கிற நேரத்தை நீட்டிக்கொண்டார். கட்டைவிரல் அளவு செம்பு, நுனியில் தேய்ந்த ஐந்து பற்கள் மாதிரி. விரல்கள். குழந்தையின் பாதம். அதைக் கொண்டுபோய் அவள் இடது இடுப்பில் வைத்தார். அந்த இடத்தில் ஒரு மேடு இருந்தது முன்பு, கரடுமுரடாக, வார்ப்பில் வந்த பிசிறு என்று சுரண்டி, அரம் போட்டு, பிசின் அப்பி, நிறம் தீட்டி வழவழவென்று ஆக்கியதும் இவர்தான். அப்படியும் ஒரு ஓரம் மிச்சம் இருந்தது. அந்த ஓரத்தில் பாதம் போய்ச் சிக்கென்று உட்கார்ந்தது. அம்மனும் இல்லை, சிவகாமசுந்தரியும் இல்லை. கண்ணனை இடுப்பில் வைத்த யசோதை. செப்பில் யசோதை கிடைப்பது எத்தனை அபூர்வம் என்று இந்தக் கட்டடத்தில் இவரை விட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஊருக்கு ஊர் இருக்கிற அம்மனில் இன்னொரு அம்மனை நாலு வருஷம் கஷ்டப்பட்டுச் செய்திருக்கிறார், அதுவும் ஒரு தாயின் இடுப்பிலிருந்து பிள்ளையைச் சுரண்டி எடுத்துவிட்டு.

தெரியாமல் செய்தது என்றால்கூட மனசு ஆறும். தெரியாது என்று எப்படிச் சொல்வது, ஒருத்தி வாய்விட்டுச் சொன்னாளே. ஜோஸ்பின். கூடத்தில் இவருக்குக் கீழே வேலை பார்த்த பெண், முப்பது முப்பத்திரண்டு வயசு, அதிகம் பேசமாட்டாள். பேசினால் நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவாள், கேட்கிறவருக்குப் பொறுமை போய்விடும். சிலை வந்த இரண்டாம் வாரம், மாதாந்திரக் கூட்டம், டைரக்டர்கூட வந்திருந்தார். அவள் எழுந்து நின்றாள். “சார், அது கொழந்தையோட கால் மாதிரி இருக்கு சார். கை மடங்கினது, இடுப்புல இருக்கற மேடு, எல்லாத்தையும் சேத்துப் பாத்தா... கொளத்து மண்ண ஒரு தடவ சலிச்சுப் பாத்துடலாம் சார். கரையிலதான் கெடக்கு இன்னும். எடுத்த பொம்பளைங்களக் கேக்கலாம். ஒடையறதுக்கு முன்னாடி அவங்க பாத்திருப்பாங்கல்ல?” எவ்வளவு சரியாகச் சொன்னாள், பாவி. அத்தனையும் சரி. இவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அதற்கே இரண்டு பேர் சிரிக்கத் தயாராகிவிட்டார்கள், இவர் துடைத்தால் ஏதோ சொல்லப் போகிறார் என்று. “அம்மா ஜோஸ்பின், இது சிவன் கோயில் அம்மன். வேளாங்கண்ணி மாதா இல்ல. இடுப்புல பிள்ளையத் தேடாதீங்க.” கூடமே கொல்லென்று சிரித்தது. டைரக்டர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். ஜோஸ்பினும் சிரித்தாள், அதுதான் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை, எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவளும் கொஞ்சம் சிரித்துவிட்டு, உட்காரலாமா நிற்கலாமா என்று தெரியாமல் நின்றாள். அதற்கப்புறம் அவள் எதுவும் சொல்லவில்லை. மறு மாசமே இவர் கையைச் சட்டத்தில் கட்டினார். ஏன் அவ்வளவு அவசரம்? நிமிர்த்த வேண்டும் என்றா, இல்லை அவள் வாயை அடைக்க வேண்டும் என்றா? தினமும் காலையில் அவள் கண் எதிரிலேதான் திருகைத் திருப்பினார், பக்கத்து மேஜையில் அவள் குனிந்து பழங்காசுகளைக் கழுவிக்கொண்டிருப்பாள். ஒரு நாளாவது அவள் நிமிர்ந்து, வேண்டாம் சார் என்று சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன் என்று தோன்றியது இவருக்கு. பொய். நிறுத்தியிருக்கமாட்டார், அரைத் திருகாக ஆக்கியிருப்பார். வருஷக் கடைசியில் அவளைப் பற்றி ரகசியக் குறிப்பு எழுத வேண்டி வந்தது, ‘கற்பனை மிகுந்தவர், அறிவியல் பார்வை போதாது’ என்று எழுதினார். தெற்கே ஒரு சின்ன ஊர் மியூசியத்துக்கு மாற்றிவிட்டார்கள், பட்டாம்பூச்சிப் பெட்டிகளுக்குப் பாச்சை உருண்டை போடுகிற வேலை. குளத்து மண் எங்கே போயிற்று என்றும் தெரியும். பஞ்சாயத்துப் பள்ளிக்கூட மைதானத்தை மேடாக்கப் போயிற்று. அந்தப் பிள்ளை அதற்குள் எங்கேயோ ஒற்றைக் காலோடு புதைந்து கிடக்கலாம், மேலே பிள்ளைகள் கபடி ஆடிக்கொண்டிருக்கலாம். இன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கே போய்ச் சலித்துப் பார்க்கலாம். ஒரு வார்த்தைதான்.

வெள்ளிக்கிழமை அவளுக்குப் போன் போட்டார். சொல்லிவிடுவது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் போட்டார், நீ சொன்னதுதாம்மா சரி என்று நாலு தடவை ஒத்திகையும் பார்த்துக்கொண்டார். “சார்! சொல்லுங்க சார், நல்லா இருக்கீங்களா?” என்றாள், குரலில் பழியோ வருத்தமோ கிடையாது. “ஒண்ணுமில்லம்மா, அந்தப் பெரிய பிசின் பாட்டில் எந்தத் தட்டுல வச்ச?” என்றார். மூன்று வருஷத்துக்கு முன்னால் போன பெண்ணிடம்! அவள் யோசித்து, “மூணாவது தட்டு சார், இடது பக்கம், தேதி எழுதி ஒட்டியிருப்பேன்,” என்றாள். போய்ப் பார்த்தார், மூணாவது தட்டு, இடது பக்கம், தேதி எழுதி ஒட்டியிருந்தது. இதற்கெல்லாம் ஒரு மனிதனுக்கு அழுகை வரக்கூடாதா, வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. எப்போது பார்த்தாலும் சரியாகவே சொல்கிறவர்களைக் கண்டால் வருகிற எரிச்சல். சரி, பயம் என்ன, பதினேழு பியா? தொல்பொருளைச் சேதப்படுத்தினார் என்று ஓய்வுபெறுகிற மாசத்தில் பதினேழு பி குற்றச்சாட்டு வந்தால் ஓய்வு கிடையாது, விசாரணை முடிகிறவரை அந்தரத்தில் தொங்க வேண்டியதுதான், இவருக்குத் தெரிந்த ஒருவர் அப்படியே ஒன்பது வருஷம் தொங்கிச் செத்தே போனார். வீட்டில் மனைவி வேறு காசிக்கு டிக்கெட் போட்டு வைத்திருக்கிறாள். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றால் அந்தப் பயம்கூட இல்லை. பதினேழு பியைத் தாங்கிக்கொள்ளலாம். அந்தக் கூடத்தில் சிரித்தார்களே, அத்தனை பேரும் ஒரு நாள் உட்கார்ந்து, ஜோஸ்பின் அன்றைக்கே சொன்னாளே என்று பேசிக்கொள்வார்கள், அதைத்தான் தாங்க முடியாது. இதற்காக ஒரு பிள்ளை மைதானத்துக்கு அடியில் கிடக்கட்டும் என்கிறாயா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். சட்டைக் காலரை விரலால் இழுத்துவிட்டுக்கொண்டார்.

“இங்க ஒக்காரலாங்களா?” என்று கேட்டுக்கொண்டே பக்கத்து நாற்காலியில் ஒரு வயசான அம்மாள் உட்கார்ந்தாள். கறுத்து மெலிந்த உடம்பு, அரக்குச் சேலை, மடிப்புக் கலையாத புதுசு, யாரோ எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அழைத்துவந்த மியூசியம் பணியாள், “சார், இவங்கதான் பவுனம்மாள், சிலைய மொதல்ல கண்டெடுத்தவங்க, மினிஸ்டர் சால்வை போடறாரு,” என்று சொல்லிவிட்டுப் போனார். கனகசபை நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார். “நீங்கதான் ஒட்டுன சாருங்களா?” என்றாள் அவள். “ஆமாம்மா.” “மகராசனா இருக்கணும். ரெண்டு நாளாத் தூக்கமே இல்லீங்க எனக்கு, இன்னக்கிப் பாக்கப் போறம் பாக்கப் போறம்னு. எங்க செட்டுல எட்டுப் பேரு. எம் மம்புட்டிலதான் மொதல்ல டங்குன்னுச்சு. பொக்லைனு வர்றதுக்குள்ள நான் சேத்த வழிச்சுத் தண்ணிய ஊத்திக் கழுவி நல்லாப் பாத்துப்புட்டேன்.” பாத்துப்புட்டேன். நாலு வருஷமாக முப்பது கிலோமீட்டரில் இந்தப் பொம்பளை இருந்திருக்கிறாள், பஸ் ஏறிப் போய் ஒரு வாய் கேட்டிருந்தால் எக்ஸ்ரே வேண்டாம், புத்தகம் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். “அப்புறம் உங்கள யாரும் விசாரிக்கலையாம்மா?” என்றார், குரல் தனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. “தாலுக்காபீசுல ரேக வைக்கச் சொன்னாங்க, வச்சேன்.” அவ்வளவுதான் விசாரணை. இப்போதாவது கேள், கனகசபை, இடுப்பில் என்ன பார்த்தாய் தாயே என்று கேள். கேட்டால் அவள் சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டால் அப்புறம் இரண்டு பேருக்குத் தெரிந்த விஷயமாகிவிடும். “பஸ்ஸுலயா வந்தீங்க?” என்று கேட்டார். “ஜீப்பு வந்துச்சுங்க,” என்றாள் அவள், முகம் பூரித்துப்போய்.

வாசலில் வெடி வெடித்தது. எல்லோரும் எழுந்தார்கள், இவரும் எழுந்தார். அப்புறம் நடந்ததெல்லாம் மூக்குக் கண்ணாடி போடாமல் பார்த்த மாதிரித்தான் இருந்தது, சால்வை, பொன்னாடை, கேமரா வெளிச்சம், யாரோ முதுகில் கைவைத்து இவரைப் பீடத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள், மந்திரி பட்டுத்துணியை இழுத்தார். நின்றாள். ஐயோ, அழகாகத்தான் இருந்தாள், அதுதான் கொடுமை. விளக்கு வெளிச்சம் தோளிலிருந்து வழுக்கிக்கொண்டு அந்தக் கைவழியாக இறங்கி, குழிந்த உள்ளங்கையில் தேங்கி நின்றது. மந்திரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அவர் கும்பிட்டதும் எல்லோரும் கும்பிட்டார்கள். “உயிரோட நிக்கிற மாதிரி இருக்கு,” என்றார் மந்திரி. “எல்லாம் சார் கைவண்ணம்,” என்று இளங்கீரன் இவரை முன்னால் இழுத்துவிட்டார். மந்திரி இவர் கையைப் பிடித்து, “பெரிய புண்ணியம் பண்ணியிருக்கீங்க,” என்றார். இப்போது சொல்லலாம், இந்த நிமிஷம், கை கையில் இருக்கும்போதே. இல்லைங்க, பாவம் என்று ஒரு வார்த்தை. கேமராக்காரர் “சார் சிரிங்க” என்றார், சிரித்துவிட்டார். மந்திரி அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார், கூட்டம் அவர் பின்னாலேயே போயிற்று. பாதிப் பேர் டிபன் பொட்டலம் கொடுக்கிற இடத்துக்குப் போனார்கள்.

பவுனம்மாள் போகவில்லை. சால்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பீடத்துக்கு முன்னால் நின்றாள். இந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். “பாட்டியம்மா, உங்க சாமி எப்பிடி இருக்கு?” என்று இளங்கீரன் உற்சாகமாகக் கேட்டார். அவள் திரும்பவில்லை. “இது அது இல்லீங்களே,” என்றாள்.

“என்னது?”

“நாங்க எடுத்தது இது இல்லீங்க. மொகம் அதே மொகந்தான். ஆனா நாங்க பாத்ததுக்கு இடுப்புல புள்ள இருந்துச்சு. இந்தக் கையால அணச்சாப்புல வச்சிருந்துச்சு.” தன் இடது கையை மடக்கி இடுப்பில் வைத்துக் காட்டினாள், எந்தப் பெண்ணும் யோசிக்காமல் காட்டுகிற மாதிரி. “அதும் மூக்குல சேறு அடச்சுக் கெடந்துச்சு, நான்தான் வெரல விட்டு எடுத்தேன். எங்கங்க புள்ள?”

இளங்கீரன் சிரித்தார். பிறகு சிரிப்பு பாதியில் நிற்க, கனகசபையைப் பார்த்தார். “என்ன சார் இது, இப்பிடிச் சொல்றாங்க? நீங்க சொல்லுங்க சார். நாலு வருஷம் கூடவே இருந்தது நீங்கதான்.” அவர் முகத்தில் சந்தேகம்கூட இல்லை, இவர் எது சொன்னாலும் எழுதிக்கொள்கிற முகம். பவுனம்மாளும் இவரைத்தான் பார்த்தாள். கை இன்னும் இடுப்பிலேயே மடங்கியிருந்தது. கேட்காமலே வந்துவிட்டது. தேடிப் போக வேண்டியது, தானாக முப்பது கிலோமீட்டர் ஜீப் ஏறி வந்து எதிரே நின்று எங்கே என்று கேட்கிறது. மனிதருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? ஆமாம் தாயே, இருந்தது என்று சொன்னால் போதும், மிச்சத்தை அவளே சொல்லிவிடுவாள். சொல்லத்தான் போகிறோம் என்று இவருக்கே தோன்றியது, அப்பாடா என்றுகூட இருந்தது. கை தன்னால் மூக்குக் கண்ணாடிக்குப் போயிற்று. கழற்றினார். துடைத்தார். “அது சேத்துக்கட்டிம்மா,” என்றார், பொறுமையாக, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விளக்குகிற குரலில். “அறுநூறு எழுநூறு வருஷம் மண்ணுல கெடந்தா களிம்பும் சேறும் இப்பிடித்தான் இறுகி உருண்டு நிக்கும், பாக்கறதுக்குப் புள்ள மாதிரியே இருக்கும். நெறைய பேருக்கு அப்பிடித் தெரியறதுதான். நாங்க சுத்தம் பண்ணினதும் போயிடுச்சு.”

“அதானே பாத்தேன்,” என்றார் இளங்கீரன். போன் வந்தது, பேசிக்கொண்டே வெளியே போனார்.

“மூக்கு இருந்துச்சுங்களே,” என்றாள் பவுனம்மாள், மெதுவாக. இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவள் கொஞ்ச நேரம் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடக்கிய கையை இறக்கினாள், அது பக்கத்தில் தொங்கிற்று. “நீங்க படிச்சவங்க, சொன்னாச் சரியாத்தான் இருக்கும். நான் ஒரு கூறுகெட்டவ. நாலு வருசமா ஊரெல்லாம் புள்ளக்காரி சாமின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேங்க. புள்ள இல்லாத பொண்ணுவளுக்கெல்லாம் நேந்துக்கச் சொன்னேன்.” சொல்லிக்கொண்டே சிலைப் பக்கம் திரும்பி, இரண்டு கன்னத்திலும் படபடவென்று போட்டுக்கொண்டாள். “தாயே, ஒனக்கு இல்லாத புள்ளய இருக்குன்னு சொல்லிப்புட்டேன். தெரியாமச் சொன்னது. மன்னிச்சுக்க.” கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. முந்தானையால் துடைத்துக்கொண்டு இவர் பக்கம் திரும்பினாள். “நீங்க இம்புட்டுக் கஷ்டப்பட்டு ஒட்டியிருக்கீங்க, நான் இது இல்லன்னு சொல்லிப்புட்டேன். நீங்களும் மனசுல வச்சுக்காதீங்க சாமி,” என்று கும்பிட்டாள்.

“பரவாயில்லம்மா,” என்றார் கனகசபை.